சின்ன ஜூவை இரண்டு தடவை சுற்ற வேண்டும்

பயணத்தின் நடுவே ஒரு பகல் மிச்சமாகிறது. தங்கியிருக்கும் ஊரில் சின்னதாக ஓர் உயிரியல் பூங்கா, மரம் செடியெல்லாம் நன்றாக வளர்த்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. போகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிட்டு, "பாதி மிருகம் தூங்குது, பாதியைக் காணவே காணோம்" என்றபடி வெளியே வருவார்கள். இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கும். அவர்கள் போன நேரமும் நின்ற இடமும் அப்படி.

சின்ன ஜூ என்று இங்கே சொல்வது நான்கைந்து ஹெக்டேரிலிருந்து பதினைந்து ஹெக்டேர் வரை உள்ளவற்றை. ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகரை ஒட்டிய மலைச்சரிவில் 1962இல் திறந்த ஆல்பன்ஸூ நான்கு ஹெக்டேர்தான் தேறும். ஆல்ப்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த உயிரினங்களை மட்டுமே வைத்திருக்கிறார்கள். மிருகங்களைப் பற்றி எழுதிப் பேர்பெற்ற ஜெரால்ட் டரல் 1959இல் ஜெர்சி தீவில் தொடங்கிய ஜூ 32 ஏக்கர், அதாவது சுமார் பதின்மூன்று ஹெக்டேர். இந்த அளவு இடத்தில் யானை இருக்காது. இருக்கவும் கூடாது என்பது என் கட்சி. நான்கு ஹெக்டேருக்குள் யானையை நிறுத்தி வைத்திருக்கும் ஜூவைவிட, நீர்நாயும் லெமூரும் சிவப்பு பாண்டாவும் வைத்திருக்கும் ஜூ தன் அளவு தெரிந்த ஜூ.

இடம் சின்னது என்றாலும் நடைபாதை சின்னதாக இருக்காது. நன்றாக வடிவமைத்த பூங்காவில் பாதை நேராகவே போகாது. வளைந்து, ஒரு புதரைச் சுற்றி, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கிப் போகும். அடுத்தடுத்த இரண்டு அடைப்புகள் ஒரே பார்வையில் விழக் கூடாது, எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும் கூட்டம் நம் கண்ணில் படக் கூடாது. இந்த இரண்டு கணக்கில்தான் ஒவ்வொரு வளைவும் போடப்படுகிறது. வரைபடத்தில் பார்த்தால் புலியும் குரங்கும் முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டில் இருக்கும். நடந்து போகிறவருக்கோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு காட்டையே கடந்து வந்ததுபோல இருக்கும்.

கதவு திறக்கும் நேரம்

ஜூவின் நாள் நமக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெரிய மிருகங்கள் பலவும் இரவில் பின்பக்கத்து இரவு அறைகளில் இருக்கும். காலையில் காப்பாளர் வெளி அடைப்புக்குள் போய்ச் சாணம் அள்ளி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, வேலியை ஒரு சுற்று பார்த்து, தீனியை மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் ஒளித்து வைத்துவிட்டு வெளியேறுவார். கதவெல்லாம் பூட்டியாயிற்றா என்று இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் இடைக்கதவைத் தூக்குவார். வெளியே வரும் மிருகம் முதலில் எல்லையைச் சுற்றி வரும், மூத்திரம் தெளித்து அடையாளம் வைக்கும், ஒளித்த தீனியைத் தேடும். அந்த முதல் முக்கால் மணி நேரம்தான் நாளின் கனமான பகுதி. பதினோரு மணிக்கு நிதானமாக வருகிறவர் பார்ப்பது அதன் பிறகு வரும் தூக்கத்தை. சிங்கம் ஒரு நாளில் பதினாறிலிருந்து இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி, காட்டிலும் அப்படித்தான்.

ஆகவே வாசல் திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். உள்ளே போனதும் வாசலுக்கு அருகில் இருப்பதைத் தாண்டிவிடுங்கள். கூட வந்த எல்லோரும் முதல் மூன்று அடைப்புகளில் மொய்ப்பார்கள். நேராகக் கடைக்கோடிக்கு நடந்து, அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்பி வந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பூங்கா உங்களுடையது. பெரும்பூனைகள், கரடி, சிவப்பு பாண்டா எல்லாம் இந்த நேரத்துக்குரியவை. கிப்பன் குரங்கு இருந்தால் அது பாடுவதும் காலையில்தான். அரைக் கிலோமீட்டர் தள்ளியே கேட்கும், வரைபடமே வேண்டாம். வெயில் ஏறிய பிறகு ஆமை, பல்லி வகைகள். நடுப்பகலில் பறவைக்கூடமும், இரவில் நடமாடும் பிராணிகளை வைத்திருக்கும் இருட்டுக்கூடமும். கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறுபடி பூனைகள்.

முந்தின நாளே பார்த்து வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். வாரத்தில் ஒரு நாள் மூடும் வழக்கம் பல ஜூக்களில் உண்டு, பயணிகள் சரியாக அந்த நாளில்தான் போய் நிற்பார்கள். பூங்கா மூடும் நேரம் வேறு, நுழைவுச்சீட்டு கொடுப்பதை நிறுத்தும் நேரம் வேறு. பெட்டி படுக்கையோடு போனால் வைக்க இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உணவு கொடுக்கும் நேரப் பலகை வாசலிலேயே இருக்கும், அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு பைனாகுலர். ஜூவுக்கு எதற்கு என்று சிரிப்பார்கள். எட்டு மடங்கு பெருக்கம், இரண்டு மீட்டர் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகும் வகை என்றால், பச்சோந்தியின் கண் தனித்தனியாகச் சுழல்வதும் நீர்நாயின் மீசையில் நீர்த்துளி நிற்பதும் தெரியும். தொலைவைக் கிட்டக் கொண்டுவரும் கருவிக்கு ஜூவில் கிட்டத்திலும் வேலை உண்டு.

மழைத் தூறல் இருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டாம். கூட்டம் குறையும், நிலம் குளிரும், டாபிர், நீர்நாய், தவளை வகைகள் எல்லாம் உற்சாகமாகும். கொட்டும் மழையும் பலத்த காற்றும்தான் பிரச்சினை. மரக்கிளை விழும் என்று பறவைக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

முதல் சுற்று ஒற்றறிய

முதல் சுற்றில் எந்த இடத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். எது விழித்திருக்கிறது, ஒவ்வொரு அடைப்புக்கும் எத்தனை பார்வையிடங்கள், எதில் வெயில் முகத்தில் அடிக்கிறது, எங்கே உட்காரப் பலகை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அதற்குள் மூன்று நான்கு இடங்கள் தாமாகவே தேறும். குட்டி போட்ட குரங்குக் கூட்டம், கூடு கட்டும் நாரை, சண்டை போட்டுக்கொண்டிருக்கும் மீர்கேட் என்று ஏதாவது. இரண்டாம் சுற்றில் அந்த நான்கு இடங்களில் மட்டும் ஒவ்வொன்றிலும் இருபது முப்பது நிமிடம் நிற்க வேண்டும். மற்றவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். ஐம்பது வகை மிருகங்களைத் தலா ஒரு நிமிடம் பார்த்தவருக்கு மறுநாள் நினைவில் நிற்பது வழிகாட்டிப் பலகைகள்தான்.

"காணவே காணோம்" என்ற புகாருக்கு வருவோம். காலியாகத் தெரியும் அடைப்பில் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உங்கள் காலடி. பார்வைச் சன்னலுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நேர் கீழே ஒரு குருட்டு மூலை இருக்கும். நிழலும் சுவரின் குளுமையும் இருப்பதால் மிருகம் அங்கேதான் ஒட்டிப் படுத்திருக்கும். ஐம்பது பேர் அதன் தலைக்கு மேலேயே நின்று "ஒண்ணுமில்ல" என்று போய்க்கொண்டிருப்பார்கள். எதிர்ப் பார்வையிடத்துக்குப் போனால் தெரிந்துவிடும். அடுத்து, பெரிய கிளை இரண்டாகப் பிரியும் கவை. சிவப்பு பாண்டாவும் சிறுத்தையும் அங்கே நான்கு காலையும் தொங்கவிட்டுக் கிடக்கும். சிவப்பு பாண்டாவின் வயிறு கறுப்பு. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குச் சிவப்பே தெரியாது, கிளை நிழலோடு கலந்துவிடும். அதற்கடுத்து இரவு அறைக் கதவின் வாசற்படி. முழு மிருகத்தைத் தேடினால் கிடைக்காது. ஒரு காது, வால் நுனியின் ஓர் அசைவு, செங்குத்தான மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகுக் கோடு, இவற்றைத் தேட வேண்டும்.

வேலி எங்கே போயிற்று

கம்பி தெரியாமல் மிருகத்தைக் காட்டும் வித்தை ஜெர்மன் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக்குடையது. 1896இல் காப்புரிமை வாங்கிவைத்திருந்த யோசனையை அவர் 1907இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெலிங்கனில் பூங்காவாகவே கட்டித் திறந்தார். முன்னால் பறவைக்குளம், அதன் பின்னால் புல்தின்னிகள், அதற்கும் பின்னால் சிங்கம், உச்சியில் செயற்கைப் பாறைமேல் மலையாடுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அகழி. ஆனால் பார்க்கிறவர் நிற்கும் இடத்திலிருந்து எந்த அகழியும் தெரியாது, எல்லாம் ஒரே நிலம்போலத் தெரியும். எந்த மிருகம் எவ்வளவு தாண்டும் என்று சோதித்துப் பார்த்துத்தான் அகழிக்கு அகலம் வைத்தார்.

இன்றைக்கும் அதே தத்துவம்தான். மான், வரிக்குதிரை போன்றவற்றுக்கு அகழியின் ஒரு பக்கம் மட்டும் செங்குத்துச் சுவராக இருக்கும், நம் பக்கம். மிருகத்தின் பக்கம் சரிவாக இறங்கும். தவறி இறங்கினாலும் அதுவாகவே மேலே ஏறிவிடலாம். குனிந்து எட்டிப் பார்த்தால் அந்தச் சரிவில் புல் மேய்ந்துகொண்டே ஒன்றிரண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

கிப்பனுக்குத் தீவு. வேலியும் கூரையும் கிடையாது, சுற்றிலும் நீர் மட்டும். கிப்பன், சிம்பன்சி போன்ற வாலில்லாக் குரங்கினங்களுக்கு இயல்பாக நீந்த வராது என்பதை நம்பி அமைத்த ஏற்பாடு இது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தீவின் மரங்களிலிருந்து கரை மரத்துக்குத் தாவும் தூரம் இருக்கக் கூடாது. கிப்பன் ஒரே வீச்சில் பத்து மீட்டருக்கு மேலும் பாயும். அதனால்தான் தீவின் ஓரத்து மரங்களை வெட்டிக் குட்டையாகவே வைத்திருப்பார்கள், உயரமான மரங்கள் நடுவில் நிற்கும். இரண்டாவது, நீந்தத் தெரியாதது விழுந்தால் மூழ்கும். அகழியில் சிம்பன்சிகள் மூழ்கி இறந்தது பல ஜூக்களில் நடந்திருக்கிறது. ஆகவே விவரமுள்ள இடங்களில் நீரின் விளிம்பு படிப்படியாக ஆழமாகும், பிடித்து ஏறக் கயிறோ வலையோ நீருக்குள் கிடக்கும். குளத்தின் கரை தொட்டிச் சுவர்போலச் செங்குத்தாக இறங்கியிருந்தால் அது அழகுக்காக மட்டும் கட்டிய குளம்.

கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் குகைபோல இருட்டாக ஒரு மண்டபம் கட்டியிருப்பதும் அலங்காரத்துக்கு இல்லை. நாம் நிற்கும் பக்கம் இருட்டாகவும் மிருகத்தின் பக்கம் வெளிச்சமாகவும் இருந்தால்தான் கண்ணாடியில் நம் முகம் தெரியாது. கூரையில்லாத கண்ணாடி அடைப்பில் எல்லோரும் தங்கள் சட்டையையே படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கம்பிவலைக்குக் கறுப்புப் பூசுவதற்கும் காரணம் இதே: பளபளப்பான கம்பி வெயிலைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும், கறுப்புக் கம்பி வெளிச்சத்தை விழுங்கிப் பின்னணியில் கரைந்துபோகும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது மரத்தின் அடி. அடைப்புக்குள் இருக்கும் உயிர்மரங்களில் பலவற்றுக்கு முழங்கால் உயரத்திலிருந்து மெல்லிய மின்கம்பிகளோ வலையோ சுற்றியிருக்கும். இல்லையென்றால் ஆடு மான்கள் பட்டையை உரித்துத் தின்னும், கரடி கீறி எடுக்கும், இரண்டு வருடத்தில் மரம் பட்டுவிடும். இளஞ்செடிகளை நெருக்கமான பாறைகளுக்கு நடுவே நட்டிருப்பதும் குளம்பு மிதிக்காமல் வேரைக் காப்பாற்றத்தான். அரளிபோல நச்சுள்ள செடிகள் மிருகத்துக்கு எட்டும் இடத்தில் இருக்காது. நல்ல தோட்டக்காரரின் கைவரிசை என்னவென்றால், உள்ளே நட்ட அதே செடியை நம் பாதையோரத்திலும் நடுவது. எல்லை எங்கே என்று கண் தேடும், கிடைக்காது. நாமும் அதே காட்டுக்குள் நிற்பதாகத் தோன்றும். சியாட்டில் நகரின் உட்லண்ட் பார்க் ஜூ 1970களின் இறுதியில் தன் கொரில்லாக்களுக்கு இப்படி ஒரு பச்சை வளாகத்தை அமைத்தது. கொரில்லாவைச் செடிகொடிக்கு நடுவே விட்டால் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிடும் என்று அதுவரை கான்கிரீட்டிலேயே வைத்திருந்த ஜூக்கள் அதன் பிறகுதான் மனம் மாறின.

மிருகம் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது

கண்ணாடிக்கு ஒட்டினாற்போல ஒரு பாறை, அதன்மேல் சிங்கம். கூட்டம் கண்ணாடியில் மொய்க்கிறது. சிங்கத்துக்கு நம்மேல் பிரியம் இல்லை. அந்தப் பாறைக்குள் வெந்நீர்க்குழாயோ மின்சூடோ ஓடுகிறது. குளிர்காலத்தில் சூடாகவும் வெயில் காலத்தில் குளிராகவும் பாறையை வைத்துவிட்டால் மிருகம் தானாக வந்து உட்காரும். மிருகம் அடிக்கடி வந்து நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. மீர்கேட்டின் மேட்டில் சூட்டுவிளக்கு. சிறுத்தையின் மேடை உயரத்தில், ஏனென்றால் அது மேலிருந்து பார்க்க விரும்பும். பொய்யான கறையான் புற்றுக்குள் நேரங்கட்டி வைத்துத் தீனி விழும் பெட்டி. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் காலியான அடைப்பிலும் எங்கே காத்திருப்பது என்று தெரிந்துவிடும்.

நாம் நிற்கும் உயரமும் தற்செயல் இல்லை. பழைய கரடிக் குழிகளில் மனிதர்கள் மேலிருந்து கீழே பார்ப்பார்கள். கரடி பின்காலில் நின்று கையேந்தும், மேலிருந்து பண்டம் விழும். அதே கரடியை நம் கண்மட்டத்துக்கோ கொஞ்சம் மேலாகவோ வைத்துவிட்டால் பார்க்கிறவர் குரலே தாழ்ந்துவிடும். சோதித்துப் பாருங்கள், மேட்டின் மேல் ஓநாய் நிற்கும் அடைப்பில் யாரும் விசிலடிப்பதில்லை.

சுவிட்சர்லாந்தில் பெர்ன், பாசல், ஜூரிக் என்று மூன்று ஜூக்களை நடத்திய ஹைனி ஹெடிகர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு விலகு தூரம் உண்டு. ஆள் அதற்குள் வந்தால் அது ஓடும். அடைப்புக்குள் ஓடிப்போக அந்தத் தூரம் இல்லையென்றால் மிருகம் ஓயாத பதற்றத்திலேயே இருக்கும். ஆகவே பரப்பளவை மட்டும் வைத்து ஓர் அடைப்பை எடைபோடக் கூடாது. நாலாபக்கமும் ஆட்கள் நின்று பார்க்கும் பெரிய வெட்டவெளித் திடலில் மான்கள் நட்டநடுவில் ஒரே கும்பலாக நெருக்கி நிற்கும். அதில் பாதி அளவே இருந்தாலும் இரண்டு பார்வையிடம் மட்டும் வைத்து மற்ற பக்கங்களை மூங்கிலால் மூடிய திடலில் அவை அங்கங்கே பரவிப் படுத்து அசைபோடும். ஒளிய இடம் இருக்கும் மிருகம்தான் வெளியே வரத் துணியும். "காணோம்" என்று அலுத்துக்கொள்ள வைக்கும் அடைப்புதான் பல நேரம் அந்த ஜூவிலேயே நல்ல அடைப்பு.

பறவைக்கூடம், இருட்டுக்கூடம்

உள்ளே நடந்து போகும் பறவைக்கூடத்துக்கு இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும், ஒரு பறவை தோளுக்கு மேல் நழுவிப் போக அரை விநாடி போதும். உள்ளே போனதும் எல்லோரும் செய்கிற தவறு, நடந்துகொண்டே பறவையைத் தேடுவது. நடக்கிறவரைப் பறவைகள் முன்கூட்டியே பார்த்து விலகிக்கொண்டே போகும், கூடம் காலி என்று தோன்றும். தீனித் தட்டோ ஆழமில்லாத நீரோ இருக்கும் இடத்தைப் பார்த்து, ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு தரையில் புறா வகைகள் சருகைக் கிளறத் தொடங்கும். அடுத்துத் தட்டுக்குச் சின்னப் பறவைகள். பத்தாவது நிமிடம் எதிர்ப்புறத்துப் புதரில் இதுவரை இலையென்று நினைத்தது பச்சைப் பறவையாகி இறங்கி வந்து குளிக்கும்.

பூநாரைகள் இருந்தால் எண்ணிப் பாருங்கள். அவை கூட்டமாக இருந்தால்தான் ஜோடி சேரும். பத்துப் பன்னிரண்டுதான் இருக்கிறது என்றால் சில ஜூக்கள் கரையோரத்தில் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி வைக்கும்; தம் பிம்பத்தையே கூட்டமென்று எண்ணிக்கொண்டு இனப்பெருக்க ஆட்டம் தொடங்குவதுண்டு. கூடு கட்ட அவற்றுக்கு ஈரச் சேறு வேண்டும். குளத்தோரம் வெறும் சிமெண்டாக இருந்தால் அங்கே குஞ்சு எதிர்பார்க்க வேண்டாம்.

இருட்டுக்கூடத்தில் பகலும் இரவும் தலைகீழ். இரவெல்லாம் வெள்ளை விளக்கு எரியவிட்டு, காலையில் அணைத்து மங்கலான சிவப்போ நீலமோ போடுவார்கள். தேவாங்கும் பழந்தின்னி வௌவாலும் அதை இரவென்று எடுத்துக்கொண்டு நடமாடும். வெயிலிலிருந்து நேராக உள்ளே வருகிறவருக்குக் கறுப்புத்தான் தெரியும். கண் முழுதாக இருட்டுக்குப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். பத்து நிமிடத்திலேயே கணிசமாகத் தெரியத் தொடங்கும். ஆனால் சராசரி ஆள் மூன்று நிமிடத்தில் மறுவாசல் வழியே வெளியேறிவிடுகிறார். உள்ளே ஒரு மூலையில் சுவரோடு சாய்ந்து நில்லுங்கள். போன் திரையை ஒரு தடவை திறந்தால் அதுவரை பழகியதெல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் நிற்பவர் திறந்தாலும் அதே கதிதான், ஒன்றும் செய்ய முடியாது.

படம் எடுப்பவர்களுக்கு

வலைக்குப் பின்னால் இருக்கும் மிருகத்தை எடுக்க, லென்ஸ் வலையை ஒட்டியிருக்க வேண்டும், மிருகம் வலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், லென்ஸின் ஒளித்துவாரம் (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்திருக்க வேண்டும். 200 மில்லிமீட்டர், எஃப் 4 வைத்தால் கம்பி கரைந்துவிடும். அப்படியும் படம் முழுக்க வெளிறிய மூடுபனிபோல வந்தால் நீங்கள் நிற்கும் பக்கத்து வலையில் வெயில் படுகிறது என்று பொருள். நிழல் விழும் பகுதிக்கு நகருங்கள், அல்லது கூட வந்தவரைக் குடையோடு நிறுத்துங்கள். கேமரா வலையின் மீதே ஃபோகஸ் செய்துகொண்டிருந்தால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி அதை மிருகத்தின் கண்மேல் வைக்க வேண்டும். எங்கெல்லாம் தடுப்புக் கம்பி தாண்டிக் கையை நீட்ட வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் படம் வேண்டாம், விரல் வேண்டும்.

கண்ணாடிக்கு லென்ஸின் ரப்பர் விளிம்பைச் செங்குத்தாக அழுத்தி வைப்பதுதான் வழி. சாய்த்து எடுத்தால் தடித்த கண்ணாடி படத்தை மங்கலாக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கப் போடும் போலரைசர் வடிகட்டி நேருக்கு நேர் நிற்கும்போது பயன்படாது. பளிச்சென்று ஃபிளாஷ் எங்கும் கூடாது, இருட்டுக்கூடத்தில் அறவே கூடாது. கண்ணாடியைத் தட்டுகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையின் நடை கெட்டுவிடும், விட்டுவிடுகிறேன்.

ஒரே பாதையில் நடக்கும் மிருகம்

சிறுத்தை வேலியோரம் போகிறது, திரும்புகிறது, வருகிறது. திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே பக்கம் தலையைச் சுழற்றுகிறது. பார்த்ததும் "பாவம், பைத்தியம் பிடிச்சிருச்சு" என்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். தீனி நேரத்துக்கு அரை மணி முன்பு இரவு அறைக் கதவருகே மட்டும் உலாத்தினால் அது காத்திருப்பு. தீனி முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும், எதையும் முகராமல், எதற்கும் நிற்காமல் அதே தடத்தில் நடந்தால் அது வேறு. நெருக்கடியில் பழகிப்போன சுழற்சி. ஒட்டகச்சிவிங்கி வேலிக் கம்பியை ஓயாமல் நக்குவதும், கிளி தன் மார்பு இறகைத் தானே பிடுங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். காட்டில் எந்த ஊனுண்ணியின் உலவு பரப்பு பெரிதோ அதற்குத்தான் அடைப்பில் இந்தத் தொல்லை அதிகம் என்று 2003இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. பனிக்கரடி அதில் முன்வரிசை. சின்ன ஜூ எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

மறுபுறம், அடைப்புக்குள் கிழிந்த அட்டைப்பெட்டி, தொங்கும் டயர், பழம் வைத்து உறையவைத்த பனிக்கட்டி எல்லாம் கிடந்தால் குப்பையென்று முகம் சுளிக்க வேண்டாம். மிருகத்துக்கு வேலை கொடுக்கக் காப்பாளர் போட்டவை அவை. காட்டின் அழகு கெடுகிறது என்று இவற்றை மறைத்தே வைக்கச் சொல்லும் நிர்வாகங்களும் உண்டு. அழகா மிருகமா என்று வந்தால் அட்டைப்பெட்டி ஜெயிக்க வேண்டும்.

தகவல் பலகையில் இனப்பெருக்கத் திட்டத்தில் பங்கு பெறுவதாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியக் காட்டெருமைக்காக 1932இல் வெளியான வம்சாவளிப் பதிவேட்டில் தொடங்கிய வேலை அது: எந்த ஊர் ஆணை எந்த ஊர்ப் பெண்ணோடு சேர்ப்பது என்று நெருங்கிய உறவைத் தவிர்த்துக் கணக்குப் பார்ப்பது. அரேபிய ஓரிக்ஸ் என்ற நீள்கொம்பு மான் வகை 1972இல் காட்டில் அற்றுப்போய், அடைப்பில் வளர்ந்தவை 1982இல் ஓமானில் திரும்ப விடப்பட்டன. அந்தக் கணக்குக்கு நேர் எதிரானது வெள்ளைப்புலி. அது தனி இனமே இல்லை. இன்றைய கூண்டு வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை 1951இல் மத்திய இந்தியாவின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆணின் வம்சம், அந்த நிறத்தை விடாமல் தக்கவைக்க உறவுக்குள்ளேயே சேர்த்ததில் மாறுகண்ணும் பிறவிக் குறைகளும் கூடவே வந்தன. சின்ன ஜூவின் வாசல் சுவரொட்டியில் வெள்ளைப்புலியும், குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கக் கட்டணமும் இருந்தால், மிச்சமான பகலுக்கு வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

மூடுவதற்கு முன் அரை மணி

மூடும் நேரம் ஐந்து என்றால் நான்கரைக்கே, சில இடங்களில் அதற்கும் முன்பே, மிருகங்களை உள்ளே அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். இதற்காகச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஆனால் நிற்க வேண்டிய நேரமே இதுதான். காப்பாளரின் வாளிச் சத்தம் நமக்குக் கேட்கும் முன்பே புலி எழுந்து கதவருகே போயிருக்கும். இரவுத் தீனி உள்ளேதான், தூக்கிவிடும் கதவின் சங்கிலிச் சத்தம் அதற்குப் பாடம். உள்ளே போக அது தயங்கி நின்றால் நல்ல காப்பாளர் கதவடியில் அவசரப்படுத்த மாட்டார். ஒரு தடவை அவசரப்படுத்தினால் மறுநாள் ஒரு மணி நேரம் வெளியிலேயே நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

கதவு இறங்கிய பிறகு கூட்டம் வாசலை நோக்கிப் போய்விடும். அந்தக் காலி அடைப்பின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இப்போது கண்ணை இழுக்க மிருகம் இல்லை, நிலம் மட்டும்தான் இருக்கிறது. எந்த மரத்தில் புதிதாக நகக்கீறல், எந்தப் பாறை உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாயிற்று, குளத்தில் இறங்கும் துறை எது என்று தெரியும். புல்லைப் பாருங்கள். திடல் முழுக்க அங்கங்கே மிதிபட்டு, பல தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் அந்தப் புலி எல்லா இடத்தையும் தன் இடமாகப் புழங்குகிறது. எங்கும் பசேலென்று புல் செழித்து, வேலியோரம் மட்டும் ஒரு சாண் அகலத்தில் மண் தெரிய ஒரே தடம் ஓடினால், காலையில் நீங்கள் பார்த்து ரசித்த பச்சையெல்லாம் புலியின் கால் படாத பச்சை.